சிங்கப்பூரில் ஒரே ஒரு ராத்திரி: ஐந்து பேர் குடும்பத்துக்கு ரூம் ஏன் இவ்வளவு காஸ்ட்லி?

ஹோட்டல் புக்கிங் ஆப் எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரே வரிதான்: '2 பெரியவர்கள், 1 அறை'. யாரும் கேட்காமலேயே ஆப் இப்படி முடிவு செய்து வைத்திருக்கிறது. கணவன், மனைவி, பத்து வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்று, கூடவே பாட்டி என்று ஐந்து பேர் கிளம்பும் தமிழ்க் குடும்பம் அந்த வரிக்குள் அடங்காது. அங்கே தொடங்குகிறது சிக்கல்.

மெல்போர்னில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போகும் வழியில் சிங்கப்பூரில் ஒரு நாள் தங்கலாம் என்று வீட்டில் பேச்சு வரும். "ஒரு ராத்திரிதானே, சின்ன ரூம் போதும், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பார்கள். ரூம் தேடும் பொறுப்பு, வீட்டில் போனை நன்றாகக் கையாளத் தெரிந்தவர் தலையில் விழும். அவர் மூன்று நாள் ஆப்பும் கையுமாக உட்கார்ந்து, திரையில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு, சில நேரம் மூன்று மடங்கு கட்டிவிட்டு எழுந்திருப்பார். அவருக்குத் தேடத் தெரியவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. குடும்பமாகப் போகிறவர் கடைசியில் என்ன கொடுக்கப்போகிறார் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லாமல் இருக்க, இந்தச் சந்தைக்கு அனுமதி இருக்கிறது. அதை மாற்ற வேண்டும். மாறும்வரை, குடும்பங்கள் ரூம் வாடகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மொத்தக் கணக்கைப் பார்க்கப் பழக வேண்டும்.

சிங்கப்பூரில் இறங்கும் பழக்கம் எப்படி வந்தது?

தமிழ்நாட்டிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நேரடி விமானம் இல்லை. சென்னை, திருச்சி, கோவை எங்கிருந்து கிளம்பினாலும் எங்கேயாவது மாறித்தான் ஆக வேண்டும். அதற்கு வசதியாக இருப்பது சிங்கப்பூர். நாலு மணி நேரப் பயணம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். பாட்டிக்கும் பயமில்லை.

விசாவிலும் ஒரு சலுகை உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியர்கள், வேறொரு நாட்டுக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ 96 மணி நேரம் வரை சிங்கப்பூர் விசா இல்லாமல் தங்கலாம். நிபந்தனைகள் இருக்கின்றன. விசா குறைந்தது ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அடுத்த பயணத்துக்கு உறுதியான டிக்கெட் கையில் இருக்க வேண்டும். ஒரு முறை மட்டும் நுழையும் விசா என்றால் திரும்பி வரும் வழியில்தான் சலுகை. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இந்தத் தகுதி வேண்டும். உள்ளே விடுவதா இல்லையா என்பதை வாசலில் இருக்கும் குடியேற்ற அதிகாரிதான் முடிவு செய்வார். அதனால் ரூமுக்குப் பணம் கட்டும் முன்பே சிங்கப்பூர் குடியேற்றத் துறையான ஐ.சி.ஏ.வின் இணையதளத்தில் அன்றைய விதியைப் படித்துவிடுவது நல்லது.

'எஸ்.ஜி. அரைவல் கார்டு' என்ற வருகைப் படிவத்தையும், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். இதற்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

திரையில் 140, பில்லில் 168

சிங்கப்பூர் ஹோட்டல் விலைக்குப் பக்கத்தில் '++' என்று இரண்டு கூட்டல் குறி இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. முதல் கூட்டல், 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். இரண்டாவது, ஜி.எஸ்.டி. 2024 ஜனவரி 1 முதல் அது 9 சதவீதம். இரண்டையும் கூட்டி 19 சதவீதம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. சர்வீஸ் சார்ஜைச் சேர்த்த தொகையின் மேல்தான் ஜி.எஸ்.டி. போடுவார்கள். ஆக மொத்தம் 19.9 சதவீதம். 140 டாலர் ரூம் 167 டாலர் 86 காசுக்கு வந்து நிற்கும். 'நெட்' என்று போட்டிருந்தால் எல்லாம் சேர்ந்த விலை.

சிங்கப்பூரில் ஒரு கடைக்குப் போனால் அலமாரியில் போட்டிருக்கும் விலையிலேயே ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கும். அப்படித்தான் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. ஆனால் சர்வீஸ் சார்ஜ் வாங்கும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் அந்த விதியிலிருந்து விலக்கு. 'வரி தனி' என்று ஒரு அறிவிப்பு வைத்துவிட்டு, வரி சேர்க்காத விலையைக் காட்டலாம். சட்டப்படி சரிதான். ஆனால் பத்து ஹோட்டலை வரிசையாக வைத்து ஒப்பிடுகிறவருக்கு, '++' போட்டவர் மலிவாகவும் 'நெட்' போட்டவர் காஸ்ட்லியாகவும் தெரிகிறார். மொத்த விலையை நேர்மையாகக் காட்டுகிறவருக்கு லிஸ்டில் கீழே இடம்.

ஐந்து பேருக்கான கணக்கு

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். முதல் ஹோட்டல், ரூம் 140 டாலர் ++. இரண்டு பேர்தான் தங்கலாம். 40 டாலர் ++ கொடுத்தால் கூடுதல் கட்டில் ஒன்று போடுவார்கள். இரண்டாவது ஹோட்டல், நாலு பேர் தங்கும் ஃபேமிலி ரூம் 230 டாலர் நெட். ஐந்தாவது ஆளுக்கு மெத்தை 50 டாலர் நெட்.

ஆப்பில் முதல் ஹோட்டல் கிட்டத்தட்ட 90 டாலர் மலிவு. ஆனால் ஐந்து பேருக்கு அங்கே இரண்டு ரூமும் ஒரு கூடுதல் கட்டிலும் வேண்டும். வரியெல்லாம் சேர்த்தால் 383 டாலர் 68 காசு. இரண்டாவது ஹோட்டலில் 280 டாலரோடு கணக்கு முடிந்தது. ஒரு சிங்கப்பூர் டாலரை 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 9,800 ரூபாய் ரூம் என்று நம்பி முதல் ஹோட்டலுக்குள் போனவர் சுமார் 26,850 ரூபாய் கட்டிவிட்டு வருவார். 'காஸ்ட்லி' ஹோட்டலுக்கு 19,600 ரூபாய்தான்.

இது உதாரணக் கணக்குதான். எண்கள் தேதிக்குத் தேதி மாறும். ஆனால் மலிவு ஹோட்டலுக்கும் காஸ்ட்லி ஹோட்டலுக்கும் இடம் மாறிப்போகும் இந்த விஷயம் நிஜத்தில் அடிக்கடி நடக்கும். இரண்டு பேருக்கான ரூமை இரண்டாக எடுப்பது எப்போதும் விலையை இரட்டிப்பாக்கும். நாலு பேர் ரூமில் அப்படி இல்லை.

இரண்டு ரூம் எடுப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டும் ஒரே மாடியில் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உள்ளுக்குள் கதவு இருக்கும் 'கனெக்டிங்' ரூம் வேறு, அடுத்தடுத்து இருக்கும் 'அட்ஜாயினிங்' ரூம் வேறு. புக் செய்யும்போது 'ரிக்வெஸ்ட்' என்று போடுவது விண்ணப்பம்தான். ஹோட்டல் மெயிலில் உறுதி கொடுத்தால்தான் அது கணக்கு.

சின்னப் பிள்ளையைக் கணக்கில் காட்டாவிட்டால் என்ன?

'ஆறு வயசுக் குழந்தை, அம்மா பக்கத்துலதானே படுக்கும்' என்று இரண்டு பேர் போட்டு புக் செய்துவிட்டு மூன்று பேராகப் போகிறவர்கள் உண்டு. உள்ளூர் லாட்ஜில் பழகிய பழக்கம் இது. சிங்கப்பூரில் செக்-இன் செய்யும்போது தங்கும் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். ஒரு ரூமில் இத்தனை பேர் என்ற வரம்பை மீற ரிசப்ஷனில் இருப்பவருக்கும் அதிகாரம் இல்லை. அந்த நேரத்தில் இன்னொரு ரூம் எடுக்கச் சொல்வார்கள், அன்றைய விலைக்கு. ரூம் காலியாக இல்லையென்றால் பையும் பாட்டியுமாக வேறு ஹோட்டல் தேட வேண்டியதுதான்.

தேடும்போதே ஐந்து பேரையும் பிள்ளைகளின் வயதோடு போட்டுத் தேடினால் லிஸ்ட் சுருங்கும், விலை ஏறும். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த லிஸ்ட்தான் உண்மையான லிஸ்ட். குழந்தை இலவசம் என்று போட்டிருந்தாலும் எந்த வயதுவரை, தனிக் கட்டில் உண்டா, இருக்கிற கட்டிலில்தான் படுக்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். 'இலவசம்' என்பது பெரும்பாலும் இருக்கிற கட்டிலில் படுப்பதற்குத்தான்.

ரூம் அளவையும் பார்க்க வேண்டும். பட்ஜெட் ஹோட்டல்களில் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் ரூம் சாதாரணம். பத்து சதுர மீட்டர் என்றால் சுமார் 108 சதுர அடி. நாலு பெட்டியை விரித்தால் நடக்க இடம் இருக்காது. ஜன்னலே இல்லாத ரூமும் அங்கே விற்பனையில் உண்டு, அதைத் தெளிவாக எழுதியும் இருப்பார்கள். பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டிய ஹோட்டல்கள் சிலவற்றில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ள பாட்டிக்கு, 20 டாலர் மிச்சம் பிடித்த ரூம் மூன்றாவது மாடியில் இருந்தால் அது மிச்சமே இல்லை. மலிவாகத் தெரியும் கேப்ஸ்யூல் ஹோட்டல்கள் பலவற்றில் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை.

வீடாகவே எடுத்துக்கொண்டால்?

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு யோசனை வரும். இரண்டு பெட்ரூம், ஒரு சமையலறை, வாஷிங் மெஷின் உள்ள ஒரு ஃபிளாட்டை ஒரு ராத்திரிக்கு எடுத்துவிட்டால்? பல ஊர்களில் குடும்பங்களுக்கு இதுதான் நல்ல வழி. சிங்கப்பூரில் இது சட்டவிரோதம்.

அங்கே தனியார் வீட்டைக் குறைந்தது தொடர்ந்து மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். 2017 வரை ஆறு மாதமாக இருந்தது. அரசு கட்டிய எச்.டி.பி. ஃபிளாட் என்றால் இன்னும் ஆறு மாதம்தான். மீறினால் 2 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2018 ஏப்ரலில், நாலு வீடுகளைப் பயணிகளுக்கு விட்ட இரண்டு பேருக்குத் தலா 60,000 டாலர் அபராதம் போட்டது நீதிமன்றம். சர்வீஸ் அப்பார்ட்மென்ட் உண்டே என்றால், ஹோட்டல் லைசென்ஸ் இல்லாதவற்றுக்கு ஏழு நாள் குறைந்தபட்சம் என்ற விதி இருக்கிறது. ஒரு ராத்திரிக்கு அது உதவாது.

அபராதம் வீட்டுக்காரருக்குத்தானே, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். சட்டத்துக்குப் புறம்பான வீட்டில் தங்கப்போகிறவருக்கு, கடைசி நிமிடத்தில் 'கேன்சல்' என்று மெசேஜ் வந்தால் கேட்க நாதி இல்லை. 'செக்யூரிட்டி கேட்டா ஃப்ரெண்டுன்னு சொல்லுங்க' என்று சொல்லிக்கொடுத்து உள்ளே அனுப்பும் வீட்டுக்கு, பாட்டியையும் குழந்தைகளையும் கூட்டிப்போவது சரியா என்று புக் செய்கிறவரே யோசிக்க வேண்டும். விடுமுறையின் முதல் நாளிலேயே பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதும் சேர்ந்துவிடுகிறது.

குடும்பப் பயணிக்கு இந்தச் சட்டம் செலவு வைக்கிறது, உண்மை. ஆனாலும் சட்டம் நியாயமானது. சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் எட்டுப் பேர் வசிப்பது எச்.டி.பி. ஃபிளாட்டில். பக்கத்து வீட்டில் தினம் ஒரு புது முகம், நடுராத்திரி பெட்டி உருளும் சத்தம், ஏறிக்கொண்டே போகும் வாடகை இதெல்லாம் அங்கே வாழ்கிறவரின் பிரச்சினை. வேறு நகரங்களும் இதே பக்கம் திரும்பிக்கொண்டிருக்கின்றன. நியூயார்க் 2023 செப்டம்பர் முதல் 30 நாளுக்குக் குறைவான வாடகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. பார்சிலோனா, சுற்றுலா ஃபிளாட் லைசென்ஸ்களை 2028 நவம்பருக்குள் முடித்துக்கொள்ளப்போவதாக 2024-ல் அறிவித்தது. ஒரு ராத்திரி தங்குகிறவரின் சௌகரியத்தைவிட அந்த ஊரில் குடியிருப்பவரின் வீடு முக்கியம்தான்.

ஆனால் வீட்டுக் கதவை மூடும் அரசுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. வேறு வழியில்லாமல் ஹோட்டலுக்குத்தான் போக வேண்டும் என்றால், அங்கே கேட்கப்படும் விலையாவது முழுசாகத் தெரிய வேண்டும்.

ஒரு ராத்திரி என்பது உண்மையில் எத்தனை மணி நேரம்?

தமிழ்நாட்டிலிருந்து நள்ளிரவையொட்டிக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் விடியற்காலை இறங்கும். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஹோட்டல் செக்-இன் பெரும்பாலும் மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்கு. காலை ஆறு மணிக்கு இறங்கும் குடும்பம், தூங்காத பிள்ளைகளோடு எட்டு மணி நேரம் என்ன செய்யும்? முந்தின நாளிலிருந்தே ரூம் எடுத்தால் இரண்டு ராத்திரி வாடகை. 'ஒரு ராத்திரி' பட்ஜெட் உடைவது பல நேரம் இங்கேதான்.

அதனால் தங்குவதா வேண்டாமா என்பதே முதல் கேள்வி. ரூமில் எத்தனை மணி நேரம் படுத்திருக்கப்போகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் இறங்கி ராத்திரி கிளம்புவதென்றால் ரூமே தேவைப்படாமல் போகலாம். சாங்கி விமான நிலையத்தில் பைகளை வைத்துவிட்டுப் போகும் வசதி உண்டு. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் காத்திருக்கும் டிரான்சிட் பயணிகளை இலவசமாக ஊர் சுற்றிக் காட்டும் டூரும் உண்டு. சிங்கப்பூருக்குள் நுழையும் தகுதி இருந்தால் போதும்.

ராத்திரி பத்து மணிக்கு இறங்கி காலை எட்டு மணிக்கு அடுத்த விமானம் என்றால், ஊருக்குள் போய் வருவதைவிட விமான நிலையத்துக்குள் இருக்கும் டிரான்சிட் ஹோட்டல் நல்லது. மணிக்கணக்கில் ரூம் தருவார்கள். ஆனால் அவை குடியேற்றச் சோதனைக்கு முன்பே, உள்பகுதியில் இருப்பவை. பெட்டிகள் நேராகக் கடைசி ஊர்வரை 'த்ரூ செக்-இன்' ஆகியிருந்தால்தான் வெளியே வராமல் அங்கே தங்க முடியும். இரண்டு விமான நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்தவர்கள், வெளியே வந்து பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். டிக்கெட் எடுக்கும்போது மிச்சம் பிடித்த சில ஆயிரம், ரூமில் போய்விடும். விமானமும் ரூமும் ஒரே கணக்கு என்பதை டிக்கெட் புக் செய்யும் அன்றே நினைக்க வேண்டும்.

எந்தப் பகுதியில் தேடலாம்?

தமிழ்க் குடும்பங்கள் முதலில் தேடுவது லிட்டில் இந்தியா. சிராங்கூன் ரோடு, டெக்கா சந்தை, வீரமாகாளியம்மன் கோயில் எல்லாம் நடக்கும் தூரம். காலை இட்லிக்குக் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் கூட்டம் நெரியும். வாரம் முழுக்க உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அன்றுதான் ஓய்வு நாள். ரோட்டைப் பார்த்த ரூம் வேண்டாம் என்கிறவர்கள் அன்றைக்கு யோசித்துக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே இருக்கும் லாவண்டர், ஜாலான் புசார் பகுதிகளில் நடுத்தர விலை ஹோட்டல்கள் நிறைய. சாங்கியிலிருந்து எம்.ஆர்.டி. ரயிலில் தானா மேராவில் மாறினால் லாவண்டர்; எக்ஸ்போவில் டவுன்டவுன் லைனுக்கு மாறினால் ஜாலான் புசார். இரண்டுக்கும் ஒரே ஒரு மாற்றம்தான். விலையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் கேலாங் மேலே வரும். சாப்பாட்டுக்குப் பேர் போன இடம். அங்கே சில சந்துகள் நீண்ட காலமாகப் பாலியல் தொழில் நடக்கும் பகுதி என்பதையும், மணிக்கணக்கில் ரூம் விடும் ஹோட்டல்கள் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

ஆர்ச்சர்ட் ரோட்டில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. போன்ற இடங்களில் ஃபேமிலி ரூம் இருக்கிறது. பெரிய ஹோட்டல் பெயர்களை மட்டும் தேடுகிறவர்கள் கண்ணில் இது படாது.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் தங்கினால் பாதி விலை என்று ஒரு யோசனை சொல்வார்கள். ஒரு ராத்திரிக்கு இது சரிவராது. போக இரண்டு, வர இரண்டு என நாலு குடியேற்றச் சோதனை. தூங்க வேண்டிய நேரம் வரிசையில் போய்விடும். டிரான்சிட் சலுகையில் உள்ளே வந்தவர் வெளியே போய்த் திரும்பி வர முடியுமா என்ற கேள்வி வேறு.

தேதியும் விலையை ஆட்டும். ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கும் வாரத்தில் ஹோட்டல் விலை எகிறும். சீனப் புத்தாண்டு, ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையும் அப்படியே. ஒரு வாரம் தள்ளிப்போட முடிந்தால், பேரம் பேசாமலேயே விலை குறையும்.

டாக்ஸிக்கும் அதே பிரச்சினை

ரூமில் வந்த ஐந்தாவது ஆள் சிக்கல் டாக்ஸியிலும் வரும். சாதாரண டாக்ஸியில் நாலு பேர்தான். ஆறு பேர் ஏறும் வண்டிக்குக் கட்டணம் வேறு. நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை மீட்டரின் மேல் 50 சதவீதம் கூடுதல். விமான நிலையத்துக்கென்று தனிக் கூடுதல் கட்டணமும் உண்டு. எம்.ஆர்.டி.யோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். மறுபடி காலை ஐந்தரை மணி வாக்கில்தான்.

குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விதி இன்னொன்று. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குக் காரில் அதற்கான தனி சீட் கட்டாயம். மீட்டர் டாக்ஸிக்கு இதில் விலக்கு உண்டு. ஆப்பில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. சீட் இல்லாமல் ஏற்ற டிரைவர் மறுத்தால், அவர் மேல் தப்பு இல்லை.

தண்ணீருக்குத் தனியாகச் செலவு வேண்டாம். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். காலி பாட்டில் நாலு கொண்டுபோனால் போதும்.

மாற வேண்டியது என்ன?

புக் செய்கிறவர் புத்திசாலியாக இருந்தால் போதும் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். விலையைப் பாதி மறைத்துவிட்டு, கண்டுபிடிக்காதவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

செய்யக்கூடிய காரியம்தான் இது. ஆஸ்திரேலியாவில் கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்த ஒரே விலையைத்தான் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் சட்டம் சொல்கிறது. அமெரிக்காவில் 2025 மே முதல் ஹோட்டல்களும் குறுகிய கால வாடகை வீடுகளும் மொத்த விலையை முன்னாலேயே காட்ட வேண்டும். அங்கெல்லாம் ஹோட்டல்கள் மூடிப்போகவில்லை. கடைக்காரரிடம் 'வரி சேர்த்து விலை போடு' என்று சொல்லும் சிங்கப்பூர், ஹோட்டலுக்குத் தரும் விலக்கை எடுத்துவிடலாம். '++' காணாமல் போனால் நேர்மையான ஹோட்டலுக்கும் லாபம்.

ஆப் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'எத்தனை பேர்?' என்ற கேள்வியைக் காலியாக விட்டுப் பயணியை நிரப்பச் சொல்லலாம். ஐந்து பேர் என்று போட்டால், ஐந்து பேருக்கும் ஆகும் மொத்தத்தை வைத்து வரிசைப்படுத்தலாம். ஒரு ரூமின் விலையை வைத்து வரிசைப்படுத்திவிட்டு, 'இரண்டு ரூம் தேவை' என்று சின்ன எழுத்தில் சொல்வது குடும்பங்களை அலைக்கழிக்கும் வேலை.

தனியாகப் போகிறவருக்கும் ஜோடியாகப் போகிறவருக்கும் இதில் பெரிய நஷ்டமில்லை. அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போகிறவருக்குத்தான் அடி. வாழ்க்கையில் முதல்முறையாக வெளிநாட்டு விமானம் ஏறும் பெற்றோரை நடுவில் ஒரு ஊர் பார்க்க வைக்க ஆசைப்படும் பிள்ளைகள் இங்கே ஏராளம். 'செலவு ஜாஸ்தி, நேரா போயிடலாம்' என்று அந்த ஆசையைக் கைவிடுகிறவர்களும் ஏராளம்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

• எல்லோரின் பெயரும் பிள்ளைகளின் வயதும் புக்கிங்கில் இருக்கிறதா?

• விலை '++' ஆ, 'நெட்' ஆ? '++' என்றால் 1.199 ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

• கட்டில்கள் எத்தனை, எந்த வகை? ஜன்னல், லிஃப்ட், தனிக் குளியலறை உண்டா?

• செக்-இன் நேரம் என்ன? அதற்கு முன் பெட்டியை வைக்க விடுவார்களா? மெயிலில் கேட்டு, பதிலை போனில் வைத்துக்கொள்வது நல்லது.

• எந்தத் தேதிவரை இலவசமாக கேன்சல் செய்யலாம்? அது எந்த நாட்டு நேரப்படி?

• கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு ஆன் செய்யப்பட்டிருக்கிறதா? செக்-இன்னில் டெபாசிட்டுக்காக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் கைக்காசு முடங்கும்.

• விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கும், ஹோட்டலிலிருந்து விமான நிலையத்துக்கும் ஐந்து பேருக்கு என்ன ஆகும்? அதையும் ரூம் வாடகையோடு கூட்ட வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட அரை மணி நேரம் ஆகும். போட்டுப் பார்த்த பிறகு, சில குடும்பங்களுக்கு விமான நிலையத்திலேயே தங்குவது சரி என்று தெரியும். சில குடும்பங்களுக்கு, ரூமே எடுக்காமல் பகல் முழுக்கச் சுற்றிவிட்டு ராத்திரி விமானம் ஏறுவது சரி என்று தெரியும். சில குடும்பங்களுக்கு, லிஸ்டில் பதினைந்தாவது இடத்தில் இருக்கும் ஃபேமிலி ரூம்தான் உண்மையில் மலிவு என்று தெரியும். மூன்றில் எதுவானாலும், பில் வரும்போது அதிர்ச்சி இருக்காது. பாட்டியும் நிம்மதியாகத் தூங்குவார்.